இரண்டாம் எழுத்து எது? அடைப்புக்குறியின் வரலாறும் எதுகையின் கணக்கும்

திருப்பதி மாவட்டத்தில் புத்தூரை அடுத்துள்ள சிற்றூர் நாராயணவனம். 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்படும் வரை அது சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பத்மாவதிக்கும் வேங்கடவனுக்கும் திருமணம் நடந்த இடமெனத் தலமரபு கூறும் கல்யாண வேங்கடேசுவரர் கோயில் அங்கு உள்ளது. 1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. புத்தூர்ப் பகுதி ஆந்திரத்தில் நின்றது. தெலுங்கும் தமிழும் தொட்டுக்கொள்ளும் நிலப்பகுதி அது.

இவ்வூரின் பெயரில் எத்தனை எழுத்து? தமிழில் நா, ரா, ய, ண, வ, ன, ம் என ஏழு. தெலுங்கில் ஈற்றில் நிற்கும் சுன்னா முன்னெழுத்தோடு சேர்ந்து ஓர் அட்சரமாவதால் ஆறு. பைத்தான் மொழியில் இவ்விரு சொற்களையும் உள்ளிட்டு நீளம் கேட்டால் முறையே பத்து, ஒன்பது என்று விடை வருகிறது. நினைவகத்தில் பிடிக்கும் இடத்தைக் கேட்டால், ஒருங்குறியின் யூடிஎஃப்-8 வடிவில் முப்பது பைட்டும் இருபத்தேழு பைட்டும். எண்ணிக்கையிலேயே இத்தனை விடைகள் என்றால், “இரண்டாம் எழுத்தைக் கொடு” என்று கேட்டால் என்ன ஆகும்? பைத்தான் தமிழ்ப்பெயருக்குத் தரும் விடை, எந்த மெய்யையும் சாராது தனித்துத் தொங்கும் ஒரு துணைக்கால். ‘ரா’ என்ற விடையை அது தருவதில்லை.

இதைக் கணினியின் குறை என்று சொல்லிவிட்டுக் கடப்பது எளிது. ஆனால் குறை எங்கே இருக்கிறது என்பதைத் தேடினால், நிரலாக்க மொழிகளில் அடைப்புக்குறிக்குள் எண்ணிட்டு ஒரு தொகுப்பின் உறுப்பைப் பெறும் வழக்கத்தின் வரலாற்றுக்குள்ளும், அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய தமிழ் யாப்பிலக்கணத்துக்குள்ளும் ஒருசேரப் போக வேண்டியிருக்கிறது.

கணிதத்தில் ஒரு வரிசையின் உறுப்பைக் குறிக்க, பெயருக்குக் கீழே சிறிய எண்ணை எழுதுவர். அதுவே கீழொட்டு. 1957-இல் ஐபிஎம் நிறுவனம் ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டபோது, துளை அட்டையில் வரிக்குக் கீழே எழுத வழியில்லை. அந்தப் பொறிகளின் எழுத்துத் தொகுதியில் சதுர அடைப்பும் இல்லை. ஆகவே வளைவு அடைப்புக்குள் எண் ஏறியது. அல்கால் 60 சதுர அடைப்பைக் கொண்டுவந்தது. வரிசை எந்த எண்ணில் தொடங்கி எந்த எண்ணில் முடியும் என்பதை எழுதுபவரே அறிவிக்கவும் விட்டது. 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில் இந்த அடைப்புக்குறி முகவரிக் கணக்காகச் சுருங்கியது. வரிசை தொடங்கும் இடத்தோடு சுட்டெண்ணைக் கூட்டி, அங்கே இருப்பதை எடு, பொருள் அவ்வளவே. முதல் உறுப்பு தொடக்கத்திலிருந்து சிறிதும் தள்ளியிராததால் அதன் எண் சுழி. தமிழில் ‘முதல்’ என்னும் சொல் எண்வரிசையின் ஒன்றையும் தோற்றுவாயையும் சேர்த்தே குறிக்கும். ‘சுழியாவது எழுத்து’ என்ற பேச்சு இன்றும் மாணவர் நாவில் இடறுவதற்கு அதுவும் ஒரு காரணம் போலும்.

பொருள்நோக்கு நிரலாக்கம் இவ்விடத்தில் ஓர் அடிப்படை மாற்றத்தைச் செய்தது. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் உருவான ஸ்மால்டாக் மொழியில் அடைப்புக்குறி வழியான அணுக்கமே இல்லை. தொகுப்பு என்பது ஒரு பொருள். அதற்கு ‘அட்’ என்ற செய்தியும் ஓர் எண்ணும் அனுப்பப்படும். எதைத் திருப்பித் தருவது என்பதை அப்பொருளே முடிவு செய்யும். எண்ணிக்கையும் அங்கே ஒன்றிலிருந்தே. பார்பரா லிஸ்கோவ் எம்ஐடி-யில் 1970-களில் வடிவமைத்த சிஎல்யூ மொழி, சதுர அடைப்பை வைத்துக்கொண்டே அதனை ஒரு செயற்கூற்று அழைப்பின் சுருக்கெழுத்தாக்கியது. 1985-இல் வெளிவந்த சி++ மொழியில் ஸ்ட்ரௌஸ்ட்ரப், அடைப்புக்குறிக்குப் புதுப்பொருள் வகுக்கும் உரிமையை வகுப்பை எழுதுபவரிடமே கொடுத்தார். சுட்டெண் எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டும் அதனோடு அவிழ்ந்தது. சொல்லைக் கொடுத்துப் பொருளைப் பெறும் அகராதியும் அடைப்புக்குறிக்குள் அடங்கியது. பைத்தானில் அடைப்புக்குறியைப் பார்த்ததும் ‘கெட் ஐட்டம்’ என்னும் செயற்கூறு அழைக்கப்படுகிறது. சி ஷார்ப்பிலும் ரூபியிலும் இதே கொள்கைதான். ஜாவா மட்டும் சொந்த வரிசைகளுக்கு அடைப்புக்குறியை ஒதுக்கிவிட்டு, பிற தொகுப்புகளுக்கு ‘கெட்’ என்றும் சரங்களுக்கு ‘சார் அட்’ என்றும் பெயர் சொல்லி அழைக்க வைத்தது.

இலக்கண மாணவர் கவனிக்க வேண்டிய செய்தி இதில் ஒன்று உண்டு. சி மொழியில் ‘சொல்[1]’ என்பது இடத்தைப் பற்றிய கூற்று. பொருள்நோக்கு மொழியில் அதுவே ஒரு கேள்வி. கேட்கப்படும் பொருள் தன் உறுப்பு எது, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எல்லை எங்கே என்பவற்றைத் தானே வரையறுத்து வைத்திருக்க வேண்டும். பைத்தானின் சரம், தன் உறுப்பு ஒருங்குறிக் குறியெண் என்று வரையறுத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே துணைக்காலைத் தருவது அதன் வரையறைப்படி சரியான விடைதான். தமிழ் எழுத்து எது என்று அதனிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை.

தமிழ் யாப்போ இந்த வரையறையைத்தான் முதலில் செய்துகொண்டது. மோனை என்பது முதலெழுத்து ஒன்றுவது. எதுகை என்பது முதலெழுத்து அளவொத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றுவது. இரண்டும் சுட்டெண் வழி உறுப்பை எடுத்து ஒப்பிடும் விதிகளே. அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகையில் வரும் தொடை விகற்பங்களை இக்கண்ணோடு படித்தால் வியப்பு கூடும். நாற்சீரடி ஒன்றில் முதற்சீரோடு எந்தெந்தச் சீர்கள் ஒன்றுகின்றன என்பதற்கு ஏழு பெயர்கள்: 1, 2 எனின் இணை, 1, 3 பொழிப்பு, 1, 4 ஒரூஉ, 1, 2, 3 கூழை, 1, 3, 4 மேற்கதுவாய், 1, 2, 4 கீழ்க்கதுவாய், நான்கும் ஒன்றினால் முற்று. முதற்சீரை நிலையாக வைத்து எஞ்சிய மூன்றிலிருந்து ஒன்றேனும் தேர்ந்தால் கிடைக்கக்கூடிய சேர்க்கைகள் ஏழே ஏழு. ஒன்றும் விடுபடவில்லை, ஒன்றும் மிகவில்லை. இயைபுத்தொடைக்கு வரும்போது எண்ணும் திசை மாறுகிறது. இயைபு ஈற்றெழுத்தின் ஒன்றுதலாதலால், கடைசிச் சீரை முதற்சீராகக் கொண்டு பின்னிருந்து எண்ண வேண்டும். பைத்தானில் கடைசி உறுப்பை ‘-1’ என்று சுட்டுவதைப் புதுமையாகக் கற்கும் மாணவர், இயைபைக் கற்றபோது அதே எண்முறையை ஏற்கெனவே கடந்து வந்திருப்பர்.

பழந்தமிழர் நிரல் எழுதினார்கள் என்று இதைத் திரித்துச் சொல்லக் கூடாது. அத்தகைய பெருமிதங்கள் ஆய்வுக்குக் கேடு. இங்கே பேசுபொருள் வேறு. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று செய்யுளை அடுக்கிய மரபு, ஒவ்வோர் அடுக்கிலும் அலகு எது என்பதை முதலில் அறுதியிட்ட பிறகே எண்ணத் தொடங்கியது. எழுத்தைப் பற்றிய இயலுக்குப் பின்னரே எதுகை விதி பொருள்படுகிறது.

குறியெண் அடிப்படையில் எதுகை பார்க்கும் நிரலொன்றை எழுதிப் பார்த்தால் சேதம் தெரியும். ‘நாடு’, ‘வீடு’ இரண்டிலும் இரண்டாம் எழுத்து ‘டு’, எதுகை உண்டு. நிரல் முதற்சொல்லில் துணைக்காலையும் அடுத்ததில் ஈகாரக் குறியையும் எடுத்து, எதுகை இல்லை என்கிறது. ‘நாடு’, ‘காலை’ இரண்டிலும் துணைக்காலைக் கண்டு எதுகை உண்டு என்கிறது. ‘கடல்’, ‘பட்டு’ ஆகியவற்றில் இரண்டாம் எழுத்து முறையே ‘ட’, ‘ட்’. புள்ளி தனிக்குறியெண் ஆதலால் நிரலுக்கு இரண்டும் ‘ட’ ஆகிவிடுகின்றன. இங்கே விடை தவறு மட்டுமன்று. அகர உயிர்மெய்யில் தொடங்கும் பல சொற்களில் விடை தற்செயலாகச் சரியாகவும் வந்துவிடுவதால், தவறு நெடுநாள் கண்ணில் படாமல் கிடக்கும். எழுத்துகளின் வருகை எண்ணிக்கையை ஆராயும் பட்டத்துக்கான ஆய்வேடுகளில் கவனிக்க வேண்டிய ஆபத்து இது. ‘விகடகவி’ என்பதைத் திருப்பிப் போட்டு ஒப்பிடும் நிரல்கூட, இகரக் குறி வகரத்துக்கு முன்னால் போய் நிற்பதால், அது இருவழி ஒக்கும் சொல் அன்று என்றே தீர்ப்பளிக்கும். சம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகத்துக்கும் அதே கதிதான்.

இந்நிலை எப்படி வந்தது? ஒருங்குறியின் 1991-ஆம் ஆண்டு முதற்பதிப்பு, இந்திய எழுத்துமுறைகளுக்கு இந்திய அரசின் இஸ்கி குறியேற்றத்தின் 1988-ஆம் ஆண்டு அமைப்பை அடியொற்றியது. எல்லா இந்திய எழுத்துகளையும் ஒரே சட்டகத்தில் பொருத்தும் திட்டம் அது. அகரமேறிய மெய் அடிப்படை. பிற உயிர்களுக்குக் குறிகள். அகரத்தை நீக்கப் புள்ளி அல்லது விராமம். தேவநாகரியின் இருப்பிடங்களுக்கு ஏற்பத் தமிழுக்கும் இடம் ஒதுக்கப்பட்டதால், தமிழ்ப் பட்டியலில் இடையிடையே வெற்றிடங்கள் கிடக்கின்றன. வரிசையும் மாறிப்போனது: நகரத்தை அடுத்து னகரம், ரகரத்தை அடுத்து றகரம், வகரத்துக்கு முன்னரே ளகரமும் ழகரமும். அகரவரிசைப்படி அடுக்கத் தனி விதி வேண்டியதாயிற்று.

தொல்காப்பிய மரபில் நிலை நேர்மாறானது. அங்கே மெய் புள்ளியோடு நிற்பதே இயல்பு. உயிர் ஏறும்போது புள்ளி நீங்குகிறது. ‘க்’ அடிப்படை, ‘க’ கூட்டுப்பொருள். ஒருங்குறியிலோ ‘க’ ஒரே குறியெண், ‘க்’ இரண்டு. இலக்கணம் பகுத்ததை இது தொகுத்தும், தொகுத்ததைப் பகுத்தும் வைத்திருக்கிறது. போதாக்குறைக்கு, ‘கொ’ என்பதை ஒகரக்குறி ஒன்றாகவும் எழுதலாம், எகரக்குறியும் துணைக்காலுமாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, நீளம் இரண்டு அல்லது மூன்று. இவ்விரண்டும் நிகரானவை என்று தரப்பாடு சொல்கிறதே ஒழிய, அடைப்புக்குறி அதை அறியாது.

இதற்கு மாற்றாக எழுந்ததுதான் டேஸ்-16 எனப்படும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றம். உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமும் ஒவ்வொன்றும் ஒரே குறியெண் பெறும். ஒவ்வொரு மெய்க்கும் ஒரு வரிசை. முதலில் மெய், தொடர்ந்து பன்னிரண்டு உயிர்மெய். திண்ணைப் பள்ளி முதல் இன்று வரை சுவரில் தொங்கும் உயிர்மெய் அட்டவணையே அது. மெய்யை நிரையாகவும் உயிரை நிரலாகவும் கொண்டு, இரு சுட்டெண்களால் எட்டக்கூடிய தொகுப்பு. ‘கா’விலிருந்து ‘க்’கையும் ‘ஆ’வையும் சிறு கழித்தலால் பெறலாம், அகரவரிசையும் தானே அமையும். 2010 சூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த காலத்தில், தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றதோடு, ஒருங்குறி இயங்காத இடங்களுக்கு மாற்றாக டேஸ்-16-ஐயும் ஏற்றது. ஆயினும் அது ஒருங்குறியின் தனியார் பயன்பாட்டுப் பகுதியில் வைக்கப்பட்டது. எந்தக் கருவியும் அப்பகுதிக்குப் பொதுப்பொருள் கற்பிக்கக் கடமைப்பட்டதன்று. உலகின் தேடுபொறிகளும் கைப்பேசிகளும் பழைய அடுக்கையே அறிந்திருந்தன. ஒருமுறை வழங்கிய குறியெண்ணை மாற்றுவதில்லை என்பது ஒருங்குறியின் நிலைபேற்றுக் கொள்கை. தமிழ் மெய்களுக்கும் உயிர்மெய்களுக்கும் குறியெண் தொடர்களாகப் பெயர் மட்டும் ஒருங்குறிப் பட்டியலில் கிடைத்தது.

அக்கோரிக்கையை உணர்ச்சிவயப்பட்டது என்று ஒதுக்குவது நியாயமன்று. அன்றைய கருவிகளில் சேமிப்பலகே உறுப்பாகக் கொள்ளப்பட்டதால், எழுத்து எழுத்தாகக் கிடைக்க வேண்டுமானால் சேமிப்பையே மாற்ற வேண்டும் என்று கருதியதில் தருக்கம் இருந்தது. ஆனால் வழக்கு நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், பொருள்நோக்கு மொழிகளின் அடைப்புக்குறி வேறொரு வழியைத் திறந்து வைத்திருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உள்ளே எப்படிச் சேமித்தாலும், கேட்பவருக்கு எதை உறுப்பாகக் காட்டுவது என்பதைப் பொருளே தீர்மானிக்கலாம்.

அவ்வழியில் சென்றவை சில. எழில் என்னும் தமிழ் நிரலாக்க மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலையும் பிறரும் இணைந்து வளர்த்த ஓப்பன்-தமிழ் நூலகம், ‘கெட் லெட்டர்ஸ்’ என்ற செயற்கூற்றால் குறியெண் சரத்தைத் தமிழ் எழுத்துகளின் பட்டியலாக்கித் தருகிறது. அப்பட்டியலில் ‘[1]’ என்று கேட்டால் நாராயணவனத்தின் ‘ரா’ கிடைக்கிறது. 2014-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஸ்விஃப்ட் மொழி மேலும் ஒரு படி சென்றது. அதில் சரத்தின் உறுப்பு, ஒருங்குறி வரையறுக்கும் எழுத்துக்கொத்து. அவ்வரையறைக்குத் தரப்பாட்டு ஆவணம் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் தமிழின் ‘நி’யும் ஒன்று. நாராயணவனத்தின் நீளம் ஸ்விஃப்டில் ஏழு. ஆனால் அடைப்புக்குள் வெறும் எண்ணை இட்டால் அது மறுத்துவிடுகிறது. கொத்துகள் ஒரே அளவின அல்ல, ஆகவே ஏழாவதை எட்ட முதலிலிருந்து நடந்தாக வேண்டும். அடைப்புக்குறி ஒரே தாவலில் எட்டுவது போன்ற தோற்றத்தைத் தரக்கூடாது என்பது அதன் வடிவமைப்பாளர் நிலைப்பாடு. சரத்துக்கென்றே தனிச் சுட்டு வகை ஒன்றை உண்டாக்கி, அதையே அடைப்புக்குள் ஏற்கிறார்கள்.

இத்தோடு எழுத்துச் சிக்கல் தீர்ந்ததா என்றால், இல்லை. வருக்க எதுகையில் மெய் ஒத்தால் போதும், உயிர் வேறுபடலாம். அதற்கு உறுப்புக்குள்ளும் இறங்க வேண்டும். குற்றியலுகரம் இன்னும் கடினம். ‘அது’ என்பதில் து ஒரு மாத்திரை. ‘பந்து’ என்பதில் அரை. இரண்டையும் தொகுப்பிலிருந்து எடுத்துக் கையில் வைத்தால் ஒரே எழுத்து, ஒரே குறியெண்கள். வேறுபாடு எழுத்துக்குள் இல்லை, அது நின்ற இடத்தில் இருக்கிறது. தொல்காப்பியம் இதனைச் சார்பெழுத்து என்றது. சார்ந்து வரும் ஒன்றைச் சார்பிலிருந்து பெயர்த்தால் அதன் இயல்பே போய்விடுகிறது. பெரும்பாலான மொழிகளில் அடைப்புக்குறி தருவது மதிப்பை மட்டுமே. எங்கிருந்து வந்தது என்ற செய்தி அறுந்துவிடுகிறது. ஸ்விஃப்டில் ஒரு தொகுப்பைத் துண்டாக எடுத்தால், துண்டு தன் மூலத்தின் சுட்டெண்களையே தொடர்ந்து தாங்கியிருக்கிறது. குற்றியலுகரத்தைக் கையாளும் யாப்பு மென்பொருள் எழுதுவோர் நின்று பார்க்க வேண்டிய அமைப்பு இது.

மீண்டும் நாராயணவனத்துக்கு வந்தால், அங்கே வழங்கும் மற்ற மொழியிலும் இரண்டாம் எழுத்துக்கு ஒரு விதி உண்டு. உத்பலமாலை, சம்பகமாலை போன்ற தெலுங்கு விருத்தங்களில் ஒவ்வோர் அடியின் இரண்டாம் அட்சரத்திலும் மெய் ஒத்து வர வேண்டும், உயிர் வேறுபடலாம். அதன் பெயர் பிராசை. அங்கே கூட்டெழுத்து ஒரே அட்சரம். அதன் மெய்க்கூட்டு முழுவதும் ஒக்க வேண்டும். தலமரபின் மணமகளான பத்மாவதியின் பெயரில் தமிழ் எதுகைக்கு இரண்டாம் எழுத்து ‘த்’. தெலுங்குப் பிராசைக்கு தகரமும் மகரமும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் ‘த்மா’ முழுவதும். தமிழில் ஐந்தெழுத்து, தெலுங்கில் நான்கு அட்சரம். குறியெண் இரண்டு மொழியிலும் எட்டு.

எழுத்துக்கொத்து விதியோ நெடுங்காலம் விராமத்தைக் கண்டதும் கொத்தை முடித்துவிட்டு, இரு மொழிக்கும் ஐந்து என்றே சொல்லிவந்தது. தமிழுக்கு அது பொருந்தியது, தெலுங்குக்குப் பொருந்தவில்லை. 2023 செப்டம்பரில் வெளிவந்த ஒருங்குறி 15.1 பதிப்பு, தேவநாகரி, வங்காளம், குசராத்தி, ஒடியா, தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றில் கூட்டெழுத்தைப் பிரிக்காத புதுவிதியைச் சேர்த்தது. தமிழ் அப்பட்டியலில் இல்லை. அதனால் ‘க்ஷ’ இன்னும் இரண்டு கொத்தாகவே எண்ணப்படுகிறது. அதை ஒரே எழுத்தாகக் கற்பிக்கும் பள்ளிப்பாடத்துக்கு அது ஒவ்வாது. பத்மாவதிக்கோ, அவ்விதியைப் பின்பற்றும் நிரல் இப்போது தமிழில் ஐந்தும் தெலுங்கில் நான்கும் என விடை தருகிறது.